கழற்றி வைத்த மணி

ஜனவரி 8

பாப்பாவின் அப்பாவுக்கு,

பால் வண்டிக்காரரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் தம்பி வீட்டுப் பாலைத் தினமும் இந்த விடுதிச் சமையல்கட்டில்தான் இறக்குகிறார். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள். காட்டோரத்தில் போன் எடுக்காது என்பது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாகப் போயிற்று. போனில் என்றால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் கத்தியிருப்பீர்கள். நானும் சும்மா இருந்திருக்க மாட்டேன்.

பாப்பாவை விடுதியில் விட்டுவிட்டு அடுத்த வண்டியில் திரும்புவதாகத்தான் அன்று கிளம்பினேன். சமையலுக்கு இருந்தவர் நின்றுவிட்டார், நீ வருகிறாயா என்று வார்டன் அம்மா கேட்டார். சரி என்றேன். துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது நீங்கள் கொட்டிலில் நின்றுகொண்டு, தம்பி வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "போ, போய் ஊரான் பிள்ளைங்க சட்டியக் கழுவு" என்றீர்கள். கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன். மாசம் பிறந்தால் என் கையில் சம்பளம் கொடுக்கிறார்கள். என் பேரைக் கூப்பிட்டு ஒருவர் பணம் கொடுப்பது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை.

நான் எழுத வந்தது அதற்கில்லை. விடுதியை நடத்துகிற அறக்கட்டளையின் கள அலுவலர் நேற்று இங்கே வந்திருந்தார். காப்புக்காட்டுக்குள் மந்தையை விட்டு மேய்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் விடுதியில் இடம் கிடையாதாம். மந்தையை விற்றுவிட்டால், கொட்டிலில் கட்டி வளர்க்கிற இரண்டு கறவை மாட்டை அவர்களே தருவார்கள், பாலையும் அவர்களே வாங்கிக்கொள்வார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததில்லை. தெரியாதது இதுதான்: மார்ச் மாதம் நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லப்போகிறார்கள்.

நம் குடியிருப்புப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. இந்த விடுதி இல்லையென்றால் பாப்பாவுக்குப் பத்தாம் வகுப்பு இல்லை. உங்கள் தம்பி போன வருஷமே விற்றுவிட்டார். நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பாப்பாவின் அம்மா


ஜனவரி 16

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் படித்து முடிக்கிறவரை வண்டிக்காரர் நகரவே இல்லை. "என்னண்ணே, அண்ணி திட்டியிருக்காங்களா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வண்டியை எடுத்தார். என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

அன்றைக்குச் சொன்னது வாய்தவறி வந்துவிட்டது என்று எழுதலாம். அது பொய். கோபத்தில்தான் வந்தது. வார்டன் அம்மாவுக்குச் சரி சொல்லிவிட்டு என்னிடம் துணிமணி எடுக்க வந்தாய். நான் என்ன, கொட்டில் தூணா?

மந்தையைப் பற்றி. இந்தக் காட்டுக்குக் கோடு போட்டவர்கள் மனுஷனிடம்தான் சொன்னார்கள், மாட்டிடம் சொல்லவில்லை. விடியக் கதவைத் திறந்தால் அதுகளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். நான் மேய்க்கிறேன் என்று பேர், உண்மையில் மேய்ப்பது கிழவி. நீ மூத்தாள் என்று பேர் வைத்தாயே, அவள்தான். எனக்கு அவள்தான் முதல் சம்சாரம், நீ இளையாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாயே, அதே கிழவி. அவள் கழுத்து மணி போகிற பக்கம் மற்றது எல்லாம் போகும். நான் மரத்தடியில் உட்கார்ந்து காதை மட்டும் திறந்து வைத்திருப்பேன். மணி கேட்டால் காட்டெருமையும் ஒதுங்கிப் போய்விடும், எனக்கும் மந்தை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இருபது வருஷமாக நான் செய்த வேலை இவ்வளவுதான். அதை விற்றுவிட்டு, தொழுவத்தில் நின்று சாணி அள்ளு என்கிறாய்.

வனக்காவலர் பிடிக்கிற நாளில் பிடிக்கிறார், மற்ற நாளில் என் பீடியை வாங்கிப் பிடிக்கிறார். அதுவும் பழகிவிட்டது.

பாப்பா என்னைக் கேட்டாளா என்று நீ எழுதவில்லை. கேட்டிருந்தால் எழுது. கேட்காவிட்டால் எழுதாதே.

நான்


ஜனவரி 28

பாப்பாவின் அப்பாவுக்கு,

கேட்டாள். உங்களையும் கேட்டாள், மூத்தாளையும் கேட்டாள். மூத்தாளைத்தான் முதலில் கேட்டாள், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் கேட்காமல் சரி சொன்னது தப்புதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். நானும் வேண்டாம் என்று வார்டன் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

நான் உங்களை விட்டு வரவில்லை. இதை எழுதிவிட்டு இரண்டு தடவை அடித்தேன், மறுபடியும் எழுதுகிறேன். உங்களை விட்டு வரவில்லை.

என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி ஆட்டுக்குப் பின்னால் அனுப்பினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்கு தொடங்கியிருந்தார்கள். அரைக்கும் காலுக்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. போன வாரம் பாப்பா சமையல்கட்டுக்கு வந்து, ஒரு வெங்காயத்தை எட்டாக வெட்டி, மூன்றை எடுத்து என் கையில் வைத்து, "இதாம்மா அது" என்றாள். நான் வெங்காயத்தின் மேல் பழி போட்டு அழுதுகொண்டேன். சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லித்தருவது அவள்தான். வார்டன் அம்மா அவளை டீச்சர் என்றே கூப்பிடுகிறார்.

கொட்டில் தூணிடம் கேட்கிறேன். நம் பிள்ளை ஒன்று. மாடு பதினெட்டு. எதை வைத்துக்கொள்ளப்போகிறீர்கள்?

பாப்பாவின் அம்மா


பிப்ரவரி 12

பாப்பாவின் அம்மாவுக்கு,

விற்றுவிட்டேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் பிறகு நிதானமாகப் படி.

வியாபாரி லாரியோடு வந்தான். பலகை போட்டும் ஒன்றுகூட ஏறவில்லை. அடித்தான், வாலை முறுக்கினான். அதைப் பார்க்க முடியாமல் நான்தான் மூத்தாளைப் பிடித்துக்கொண்டு லாரிக்குள் ஏறினேன். மணி உள்ளே போனதும் எல்லாம் வரிசையாகப் பின்னால் ஏறிவிட்டன. அப்புறம் அவளை மட்டும் இறக்கிக்கொண்டு வந்தேன். இவ்வளவு கிழட்டு மாடு அவனுக்கு வேண்டாமாம், வெட்டுக்கு வேண்டுமானால் கொடு என்றான். நான் பதில் சொன்ன விதத்தில் அவன் மேற்கொண்டு பேசவில்லை. லாரி திருப்பத்தில் மறைகிறவரை உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டே போயின. இவள் இங்கே நின்று பதில் கொடுத்தாள். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அறக்கட்டளை மாடுகள் இரண்டும் வந்துவிட்டன. நல்ல உயரம், நல்ல நிறம், மூளை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார்கள். வாளித் தண்ணீரை வாய்க்கு நேரே வைக்க வேண்டும். இரண்டடி தள்ளி வைத்தால் வாளியையும் பார்க்கும், என்னையும் பார்க்கும், காலை எடுத்து வைக்காது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களை உபசரிக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் பால் கொட்டுகிறது. பொய் சொல்ல மாட்டேன், முதல் நாள் வாளி நிறைந்தபோது உன்னைக் கூப்பிடத் திரும்பினேன்.

மூத்தாளைத்தான் கட்டிப்போட முடியவில்லை. கயிற்றைப் போட்டுத் தேய்த்தே அறுத்துவிடுகிறாள். காட்டுக்குள் போய்விட்டு, பொழுது சாயத் தானாக வந்து நிற்கிறாள். பின்னால் வர ஒருத்தரும் இல்லை என்று இன்னும் அவளுக்குத் தெரியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்.

பாப்பாவிடம் விற்றதை மட்டும் சொல். லாரி விஷயத்தைச் சொல்லாதே.

நான்


பிப்ரவரி 21

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வார்டன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன், வாளி வரை. அதற்கு மேல் எனக்கு வாசிக்க வரவில்லை. நீங்கள் செய்தது சின்ன விஷயமில்லை. அதை நான் என் வாழ்நாளுக்கும் மறக்க மாட்டேன்.

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். மார்ச் முதல் வாரம் பார்வையிட வருகிறார்கள். கள அலுவலரோடு வெளியூரிலிருந்து இரண்டு பேர். அவர் வார்டன் அம்மாவிடம் பேசியது என் காதில் விழுந்தது. போன வாரம் காட்டுக்குள் மணிச்சத்தம் கேட்டதாம். யார் வீட்டு மணி என்று குடியிருப்பில் எல்லாருக்கும் தெரியுமாம். பதினேழு மாட்டை விற்றுவிட்டு ஒரு கிழவியால் பாப்பாவின் இடம் போகவேண்டுமா?

என் மூத்தாளை வெட்டுக்குக் கொடுக்கச் சொல்ல எனக்கும் மனசில்லை. சங்கிலி வாங்கிக் கட்டிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், அவர்கள் வந்து போகிறவரை கழுத்து மணியை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள். சத்தம் இல்லையென்றால் மாடும் இல்லை. அவர்கள் போனதும் மறுபடி கட்டிக்கொள்ளலாம். நான்கைந்து நாள் பேச்சு.

செய்வீர்கள்தானே?

உங்கள் இளையாள்


மார்ச் 5

இளையாளுக்கு,

நீ சொன்ன யோசனை பலித்துவிட்டது. இனிமேல் உன்னைக் கேட்காமல் நான் தும்மக்கூட மாட்டேன்.

சங்கிலி போட்டேன். கழுத்தில் புண்ணாகி ரத்தம் வந்தது, எடுத்துவிட்டேன். மணியைக் கழற்றினபோது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள். நடந்தாள், நின்றாள், மறுபடி நடந்தாள். எனக்கும் காது அடைத்துப் போன மாதிரி இருந்தது. பிறகு பழக்கம்போலக் காட்டுக்குள்ளே போய்விட்டாள், ஒரு ஈ எறும்புக்கும் தெரியாது.

நேற்று வந்தார்கள். கொட்டிலைப் பார்த்தார்கள், தீவனத் தொட்டியைப் பார்த்தார்கள், என்னை மாட்டுக்கு நடுவில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். நான் சிரித்ததைப் பார்த்து மாடுகள்தான் மிரண்டன. கள அலுவலர் போகும்போது என் தோளைத் தட்டி, "பாப்பா சீட்டப் பத்தி இனிக் கவலையே படாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். இதை நீயே பாப்பாவிடம் சொல். நான் சொன்னேன் என்று சொல்லிச் சொல்.

மூத்தாள் நேற்றுப் போனவள் இன்னும் வரவில்லை. எங்கே போய்விடப்போகிறாள், ஊற்றுக்குப் பக்கத்தில்தான் படுத்திருப்பாள். வண்டிக்காரரிடம் இதைக் கொடுத்துவிட்டு, ஒரு எட்டுப் போய்ப் பார்த்து ஓட்டிக்கொண்டு வருகிறேன். வந்ததும் மணியைக் கட்டிவிடுவேன்.

அடுத்த மாதச் சம்பளத்தில் உனக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக்கொள். சமையல்கட்டு ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிறாய் என்று வண்டிக்காரர் சொன்னார்.

நான்


ஏப்ரல் 4

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். "உங்க வீட்டுக்காரரு காலையிலயே போயிட்டாரே, பொண்ணு கூட்டிட்டுப் போச்சு, உங்களுக்குத் தெரியாதா?" என்று நர்ஸ் கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியோடு வாசலில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

காட்டிலிருந்து உங்களைத் தூக்கிவந்த நாளிலிருந்து நான்கு வாரம் உங்கள் பக்கத்தில் வந்து வந்து உட்கார்ந்தேன். மாவுக்கட்டைப் பற்றிப் பேசினீர்கள், மாத்திரை கசப்பதைப் பற்றிப் பேசினீர்கள், பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையைப் பற்றிப் பேசினீர்கள். நான் எதற்குக் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். உன்னால்தான் என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சட்டி கழுவு என்று கத்தத் தெரிந்த மனுஷனுக்கு இதைக் கத்தத் தெரியவில்லையா? சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அழுதிருப்பேன், முடிந்திருக்கும். சொல்லாமல் வைத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமலே கிளம்பியும் போய்விட்டீர்கள்.

பாப்பாவை எதற்குக் கூட்டிப்போனீர்கள்? முழுப் பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. அவளைத் திருப்பி அனுப்புங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 13

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன்னிடம் சொன்னால் விடமாட்டாய், அதனால்தான் சொல்லவில்லை. மூன்று வேளை சமைத்துவிட்டு, உட்காராமல் ஓடிவந்து, என் சட்டையைத் துவைத்து, மறுபடி ஓடினாய். உன் கால் வீங்கியிருந்தது. படுத்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

பாப்பாவை நான் கூட்டிவரவில்லை. அவள்தான் என்னைக் கூட்டிவந்தாள். "கொட்டிலை எத்தன நாள்ப்பா சித்தி பாப்பாங்க? அவங்க மாட்டையும் பாத்துட்டு நம்ம மாட்டையும் பாக்குறாங்க, ஏற்கெனவே ஒண்ணுக்குப் பால் வத்திப்போச்சாம்" என்றாள். போ, பரீட்சை எழுதிவிட்டு வா என்று தினமும் சொன்னேன். என்னைத் தூக்கி உட்காரவைக்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவள் எப்படிப் போவாள்? பரீட்சை போய்விட்டது. அதை உனக்கு எழுதத் தயங்கித்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன்.

நீ காத்திருந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊற்றுக்குப் பக்கத்தில் புதர் அசைந்தது. மணி இருக்கிற காலத்தில் நான் அப்படிப் போய்க் கையை விட்டிருக்க மாட்டேன். சத்தம் வராத அசைவு நம் மாடு இல்லை என்று தெரிந்திருக்கும். அன்றைக்கு எந்த அசைவும் அவளாக இருக்கலாம் என்று தோன்றிவிட்டது. "வாடி கிழவி" என்று கூப்பிட்டுக்கொண்டே கிளையை விலக்கினேன். காட்டெருமை. மற்றதை உனக்கு டாக்டர் சொல்லியிருப்பார்.

நீ எழுதினாய். கழற்றியது என் கை. அந்த மணியோடு நாள் பூராவும் திரிந்தவன் நான், நீ இல்லை. யோசித்திருக்க வேண்டியவன் நான். அதனால் உன்னைத் திட்ட எனக்கு வார்த்தை வரவில்லை. வரும் என்று காத்திருக்காதே.

சிரிக்க வேண்டுமானால் சிரி. நான் விழுந்து கிடந்த அன்றைக்கே மூத்தாள் தானாக வீடு வந்து சேர்ந்துவிட்டாளாம்.

என்னைத் தோளில் போட்டுத் தூக்கிவந்த காவலர் வந்திருந்தார். அறிக்கை எழுதாமல் இருக்க முடியாது என்றார். தொலைந்த மாட்டைத் தேடிப் போனதாக எழுதியிருக்கிறார். மேய்க்கப் போனதாக எழுதவில்லை. அது போதுமா என்று அவருக்கே தெரியவில்லை.

நான்


மே 7

பாப்பாவின் அப்பாவுக்கு,

போதவில்லை.

அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். கள அலுவலர் என்னை உட்காரவைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பரீட்சை எழுதாததைப் பற்றி முதலில் பேசினோம். அதைச் சமாளித்துவிடலாம், உடம்பு சரியில்லாத பிள்ளைகளுக்கு மறுபரீட்சை உண்டு, பள்ளிக்கூடத்தில் பேசிவைக்கிறேன் என்றார். இடம்தான் இல்லை.

"காவலர் தேடிப் போனார்னுதான எழுதியிருக்காரு?" என்றேன்.

"எழுதியிருக்காருக்கா. ஆனா அந்த மாடு எப்படி உள்ள போச்சு? மணி இல்லாமத் திரும்பி வந்தத குடியிருப்புல எல்லாரும் பாத்திருக்காங்க. மணியோட போயிருந்தா, கிழட்டு மாடு, கட்டுல நிக்கல, வழி மாறிடுச்சுன்னு நானே எழுதிக் கொடுத்திருப்பேன். எல்லார் வீட்லயும் ஒண்ணு ரெண்டு அப்படிப் போறதுதான். மணியக் கழட்டிட்டு விட்டா மறைச்சு மேய்க்கறாங்கன்னுதான மேல இருக்கறவங்க நினைப்பாங்க? நானே அன்னைக்கு அந்தக் கொட்டில்ல நின்னு படம் எடுத்துட்டு வந்தவன். என்னையும் சேர்த்துக் கேக்கறாங்க."

மணியைக் கழற்றச் சொன்னது நான்தான் என்றேன். என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தோன்றாது, யோசனை சொன்னது நான்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். "இத எழுதுனா உங்க வேலையும் போகும்க்கா. பாப்பாவுக்கு சீட்டும் வராது. எதுக்கு?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாப்பாவை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றால், சமையல்காரர்கள் மூன்று பேர் படுக்கிற அறையில் பிள்ளையை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. எல்லாரும் இங்கே வந்து வாடகைக்கு இருக்கலாம் என்றால், காட்டோரத்தை விட்டு வந்தவர்களுக்கு அறக்கட்டளையிடமிருந்து மாடும் கிடையாது, பால் பணமும் கிடையாது. என் சம்பளத்தில் வாடகைதான் கொடுக்கலாம்.

மணியைப் பற்றி நான் எழுதிய அந்த நாலு வரி எனக்கு மனப்பாடமாக இருக்கிறது. சத்தம் இல்லையென்றால் மாடும் இல்லை என்று எழுதிவிட்டு, என் புத்திசாலித்தனத்துக்கு நானே சிரித்துக்கொண்டேன். கையில் கரண்டியோடு நிற்கும்போதெல்லாம் அது ஞாபகம் வருகிறது.

இடம் அடுத்த பேருக்குப் போகிறது. யார் என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி மகள்.

நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா? வந்தால் உங்களையும் கொட்டிலையும் நான் பார்த்துக்கொள்வேன். பாப்பாவுக்கு அதனால் இடம் கிடைக்காது என்பது தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

பாப்பாவின் அம்மா


மே 22

பாப்பாவின் அம்மாவுக்கு,

வராதே. கட்டை ஊன்றிக் கொட்டில் வரைக்கும் நடக்கிறேன். உன் சம்பளம் இல்லையென்றால் தீவனம் வாங்க முடியாது, இது முதல் காரணம். இரண்டாவது காரணத்தை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸ் உன்னிடம், "நாப்பது பிள்ளைங்களுக்கா சமைக்கறீங்க?" என்று கேட்டபோது நீ நிமிர்ந்து நின்றாயே, அதைப் பார்த்தேன். நம் வீட்டில் நீ அப்படி நின்று நான் பார்த்ததில்லை. சட்டி கழுவு என்று உன்னைச் சொன்ன வாய்க்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த வேலையை விடாதே.

பாப்பாவிடம் இடம் போன விஷயத்தைச் சொல்லப் பயந்து இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் அவளே வந்து, "தங்கச்சிக்குக் கெடைச்சிருக்கு போலப்பா" என்றாள். என் தம்பி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான், வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டான். சொல்லிவிடு என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. நல்லவேளை, பாப்பா பக்கத்தில் நின்றாள். "எதுக்கு சித்தப்பா? அவளாவது போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய், தன் பழைய புத்தகங்களை எடுத்து, புதுசாக அட்டை போட்டு, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த அவளாவது என்கிற சொல்லை நான் இன்னும் முழுங்கவில்லை.

இங்கே அறக்கட்டளையின் சாயங்காலப் படிப்பு மையத்துக்கு ஒரு டீச்சர் வருகிறார். வீட்டிலிருந்தே படித்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் தனியாக எழுதலாம் என்கிறார். பாப்பாவிடம் கேட்டேன். "பாக்கலாம்ப்பா" என்றாள். இப்போது எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். பசிக்கிறதா என்றாலும் பாக்கலாம். அவள் பால் கறக்கும்போது பார்த்தால் கை அவ்வளவு பழகியிருக்கிறது. நன்றாகக் கறக்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. சொன்னால் அதோடு நின்றுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

நான்


ஜூன் 18

பாப்பாவின் அப்பாவுக்கு,

விடுதி திறந்துவிட்டது. உங்கள் தம்பி மகள் வந்து சேர்ந்துவிட்டாள், அவர்களிடம் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு நாள் அழுதாள். இப்போது பரவாயில்லை.

இங்கே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. கட்டில், பெட்டி, தட்டு, எல்லாவற்றிலும் அந்த எண்ணைச் சிவப்புப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். இடம் யாருக்குப் போகிறதோ எண்ணும் அவர்களுக்கே போகும். இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, சொல்லவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. வரிசையில் பாப்பாவின் தட்டு என் முன்னால் வந்து நின்றது. கை தானாகப் பாப்பாவுக்குப் போடுகிற அளவுக்குச் சோற்றை அள்ளிவிட்டது. பிறகு பாதியைத் திரும்பப் பானையில் போட்டுவிட்டு, மீதியைத்தான் தட்டில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தப் பிள்ளை தட்டைப் பிடித்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டது.

நான் வாழ்நாளில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறேன். பசியோடு வந்த பிள்ளைக்கு அளந்து போட்டதில்லை.

நேற்று அவளே எழுந்து வந்தாள். "பெரியம்மா, இன்னும் கொஞ்சம் போடறீங்களா?" என்று கேட்டாள். போட்டேன். கேட்டதற்கு மேலேயே போட்டேன். போதும் பெரியம்மா, போதும் என்று அவள் தட்டைப் பின்னால் இழுத்துக்கொள்கிறவரை போட்டேன். பக்கத்தில் நின்ற சமையல்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இதைப் பாப்பாவிடம் சொல்ல வேண்டாம். சாயங்கால டீச்சர் சொன்னதை மறுபடி அவளிடம் எடுத்துப் பேசுங்கள், பாக்கலாம் என்றால் அடுத்த நாளும் பேசுங்கள். நானும் தனியாக அவளுக்கு எழுதுகிறேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்தேன், என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

இங்கே நாற்பது தட்டிலும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. இன்று காலை பாப்பா சாப்பிட்டாளா என்று மட்டும் உடனே எழுதுங்கள்.

பாப்பாவின் அம்மா